கடல் வந்ததா என்று கேட்க லிவர்மோர் போனேன்

செவ்வாய் காலை, நெவார்க்

2001 ஏப்ரல். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து நெவார்க் விமான நிலையத்துக்கு முப்பது மைல். நான் குடியிருக்கும் வீட்டுக்காரர் ஸ்டெல்லா ஆன்ட்டியே காரில் கொண்டுவந்து விட்டார். வழி நெடுக என் சட்டையைப் பற்றித்தான் பேச்சு.

"டேய் ராஜ், அந்த நீலச் சட்டையைப் பெட்டியில மடிச்சு வெச்சியா? கசங்கிடும்டா. ஹேங்கரோட கையில எடுத்துக்கிட்டுப் போ."

"ஒரு எழுத்தாளரைப் பாக்கத்தானே ஆன்ட்டி போறேன்?"

"யாரா இருந்தா என்ன? மொதத் தடவை ஒரு வீட்டுக்குப் போறே. மூஞ்சியை நல்லா ஷேவ் பண்ணிக்கோ. நான் தெரேஸ்கிட்ட எல்லாம் பேசிட்டேன்."

'எல்லாம்' என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நியூ ஜெர்சியில் என் வேலை முடிந்து, கம்பெனி என்னை டெக்சாஸில் டாலஸுக்கு மாற்றியிருந்தது. நடுவில் ஒரு வாரம் ஓய்வு. டாலஸுக்கு நேராகப் போகாமல் சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றிக்கொண்டு போக, கைக்காசு நூற்று நாற்பது டாலர் கூடுதலாகக் கட்டினேன். இரண்டு நாவல்கள்தான் அதற்குக் காரணம்.

நான் காரைக்கால்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று எல்லோரும் சொன்னதால் நானும் எடுத்தேன். மார்க் கொட்டியது, பிரெஞ்சு வரவில்லை. அந்த வெட்கத்தில் ஊர் நூலகத்துக்குப் போனேன். பிரெஞ்சு அலமாரியின் மூலையில், அட்டையில் விண்கலம் போட்ட இரண்டு மெல்லிய புத்தகங்கள் இருந்தன. பெர்னார் ஆர்யேல் என்று பெயர். முதல் புத்தகத்தை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க ஒரு வருஷம் ஆனது. இரண்டாவதை ஒரே மாதத்தில் முடித்தேன்.

கதை ஒரு தொலைதூர நிலாவில் நடக்கிறது. அங்கே கடல் பின்வாங்கிப் போய்விட்டது. எப்போதோ ஒருமுறை திரும்ப வருமாம். வந்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. ஆனாலும் அங்குள்ளவர்கள் படகு கட்டுகிறார்கள், வலை பின்னுகிறார்கள், காய்ந்த மண்ணில் கலங்கரை விளக்கம் ஏற்றுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் மிரா என்ற பெண் தூரத்தில் ஒரு இரைச்சலைக் கேட்கிறாள். காற்றா, கடலா என்று ஊரே சண்டை போடுகிறது. அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. மூன்றாம் பாகம் விரைவில் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. வரவே இல்லை.

அதே பின்னட்டையில் இன்னும் ஒரு வரி: ஆசிரியர் புதுச்சேரியில் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் வசிக்கிறார், இயற்பெயர் அருளப்பன். புதுச்சேரிக்காரரான ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் இதைக் காட்டியபோது அவர் வாயைப் பிளந்தார். "அருளப்பனா? நம்ம தெரேஸ் புருஷன்டா! அவரு கதையா எழுதுறாரு? சொல்லவே இல்லையே!"

செவ்வாய் மதியம், ஹேவர்ட் வழியாக

விமானம் ஆறு மணி நேரம். வாடகைக் கார் நாளுக்கு முப்பத்து நான்கு டாலர். லிவர்மோருக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து மைல். வழியில் விரிகுடாவைக் கடக்கும் சான் மட்டேயோ பாலமே ஏழு மைல். சுங்கம் கட்ட இரண்டு டாலரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓட்டினேன். அக்கரை போய்ச் சேர்ந்தும் கேட்க ஆளில்லை. எதிர்த்திசையில் வருகிறவர்களிடம் மட்டும்தான் வாங்குகிறார்கள்.

ஹேவர்டில் பெட்ரோல் போட நின்றேன். பம்பின் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கிரெடிட் கார்டை நீட்டியபடி உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. ஹார்ன் அடிப்பது மரியாதையில்லை என்று பொறுத்திருந்தேன். கடைசியில் பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். 

"நியூ ஜெர்சி" என்றேன்.

அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. ஆள் வந்துதான் போடுவார். அங்கேயே கார் ஓட்டக் கற்றவனுக்குப் பெட்ரோல் குழாயைக் கையில் பிடிக்கத் தெரியாது. அவரே எடுத்துச் சொருகிக் காட்டினார். கேலன் ஒரு டாலர் எழுபது சென்ட்டுக்கு மேல். நியூ ஜெர்சியைவிட அதிகம் கொடுத்து, வேலையையும் நாமே செய்துகொள்ள வேண்டும்.

மேற்கொண்டு போகப் போக மலைகள். மரமில்லாத, புல் மட்டும் போர்த்திய உருண்டை மலைகள். மழைக்காலம் முடிந்த கையோடு என்பதால் பச்சை. மே மாதத்துக்குப் பிறகு வந்தால் எல்லாம் வைக்கோல் நிறமாகிவிடுமாம்.

செவ்வாய் மாலை, லிவர்மோர்

பக்கத்துத் தெருவில் நிறுத்தி, காருக்குள்ளேயே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் திறந்த தெரேஸ் ஆன்ட்டி பட்டுப்புடவையில் இருந்தார். பின்னால் அருளப்பன் அங்கிள், உயரமாக, வெள்ளைத் தாடியோடு, கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மகள் நாதலி, சோபாவின் ஓரத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாசகனுக்கு இத்தனை மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன்.

வடகம் தாளித்த மீன் குழம்பு. கோழி. விவிக்கம் என்று புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்கிற ரவை கேக்கை ஏப்ரலில் செய்து வைத்திருந்தார்கள். தட்டில் போட்டுக்கொண்டே ஆன்ட்டி கேட்டார்.

"எச்1 விசாவா தம்பி? கிரீன் கார்டு அப்ளை பண்ணியாச்சா?"

"கம்பெனியில ஃபைல் பண்ணியிருக்காங்க ஆன்ட்டி."

"எந்தப் பங்கு?"

"காரைக்கால், மாதா கோயில் பங்குதான்."

"அப்பா?"

"துறைமுகத்துல மூட்டை தூக்கினாரு ஆன்ட்டி. இப்போ நான்தான் போக வேணாம்னு நிறுத்திட்டேன்."

ஆன்ட்டியின் கரண்டி ஒரு கணம் நின்றது. அங்கிள் தலையை நிமிர்த்தி, "எங்க தாத்தாவும் பாண்டி கடல்பாலத்துல கப்பல் மூட்டை இறக்கினவருதான். அந்தத் தோளாலதான் நாங்க எல்லாரும் ஸ்கூலுக்குப் போனோம். மீனைப் போடு, பையன் ஒல்லியா இருக்கான்" என்றார். அந்த நிமிடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

உயரம் கேட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். வாசகனைப் பற்றி ஓர் எழுத்தாளர் குடும்பத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று நானும் ஒன்றுவிடாமல் பதில் சொன்னேன். கேக் வந்ததும் தைரியம் வந்தது.

"அங்கிள், நான் இவ்வளவு தூரம் வந்ததே ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான்."

ஆன்ட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அங்கிள் மகளைப் பார்த்துவிட்டு, கனைத்துக்கொண்டு, "கேளுப்பா. அதுக்குத்தானே வந்திருக்கே" என்றார்.

"கடல் வந்துச்சா, வரலையா?"

ஆன்ட்டி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் என்னைப் பார்த்தார். நாதலிதான் முதலில் புரிந்துகொண்டாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஓ மை காட். மாம், ஹீ இஸ் நாட் ஹியர் ஃபார் மீ. ஹீ இஸ் ஹியர் ஃபார் டாட்!"

ஸ்டெல்லா ஆன்ட்டி பேசி வைத்த 'எல்லாம்' என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தெரேஸ் ஆன்ட்டி, "அப்போ பட்டுப்புடவை வீணா?" என்று கேட்டுவிட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நாதலி அதுவரை இல்லாத உற்சாகத்தோடு எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தாள்.

அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பாகமும் படிச்சியா?" என்றார். "படிச்சேன் அங்கிள்." "காரைக்கால்லயா?" "காரைக்கால்ல." அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "அமெரிக்காவுல இத்தனை வருஷத்துல என் புக்கைக் கேட்டு வீட்டுக்கு வந்த மொத ஆள் நீதான்ப்பா. வா, வெளியில உக்காரலாம்."

அன்று புல்வெளியில் அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாய். அதனால் வீட்டுக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. பத்தொன்பது வயதில் கப்பலேறி மர்செய் துறைமுகத்தில் இறங்கினார். கிரெனோபிளில் பொறியியல் படித்து, லியோனில் வேலை பார்த்தார். தினமும் ரயிலில் போகவர, சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் விண்வெளிக் கதைகள் எழுதினார். முதல் கதைகள் நண்பர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை மாதிரி ஒன்றில் வந்தன. பிறகு பாரிஸில் ஒரு பதிப்பாளர், ரயில் நிலையக் கடைகளில் விற்கிற மலிவுப் பதிப்புகளில் சேர்த்துக்கொண்டார். விண்கலப் படத்துக்குக் கீழே அருளப்பன் என்று போட்டால் யோகா புத்தகம் என்று நினைத்து வாங்குவார்கள் என்று சொல்லி அந்தப் பதிப்பாளரே ஆர்யேல் என்று பெயர் வைத்தாராம். 

"கோபம் வரலையா அங்கிள்?"

"வந்துச்சு. செக்கும் கூடவே வந்துச்சு."

"தமிழ்ல ஏன் எழுதல?"

"கணக்கு, பிசிக்ஸ், காதல் கடிதம் எல்லாம் நான் பிரெஞ்சுல படிச்சது. திட்டறதுக்கு மட்டும்தான் தமிழ்."

"அது எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் காபி கொண்டுவந்த ஆன்ட்டி.

பிறகு கலிஃபோர்னியா. சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் டிஸ்க் செய்யும் கம்பெனியில் வேலை, வீடு லிவர்மோரில். மலையைத் தாண்டிப் போக ஒன்றேகால் மணி நேரம், வர அதே அளவு. பக்கத்து சீட்டில் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, டிராஃபிக்கில் நின்றபடி நாவலைப் பிரெஞ்சில் பேசுவார். மறுநாள் பகலில் ஆன்ட்டி அதைக் கேட்டு டைப் செய்வார். நான் படித்த இரண்டு பாகங்களும் அப்படிப் பிறந்தவைதான்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒரு நல்லது நடந்துச்சு" என்றார் அங்கிள். "கம்பெனியை லிவர்மோருக்கே மாத்திட்டாங்க. வீட்டுலேர்ந்து பத்து நிமிஷம். எல்லாரும் கைகுடுத்து வாழ்த்தினாங்க. அன்னிக்கு நின்னதுதான்."

மேசையில் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. போன வருடம் ஓய்வும் பெற்றுவிட்டார். ஆன்ட்டி கராஜில் அலுவலகம் போட்டு, தோல் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். "அதுல எங்க பூனைதான் உக்காந்து எழுதுது" என்றார் ஆன்ட்டி. சும்மா சான் ஹோசே வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாராம். வேலை எதுவும் இல்லாமல் போகிறோம் என்பது மனசுக்குத் தெரிந்துவிட்டதால் அதுவும் பலிக்கவில்லை. இப்போது கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஃப்ரீவேயில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தக் கோடைக்குள் மூன்றாம் பாகம் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது, முதல் இரண்டையும் இனி அச்சிட மாட்டோம் என்று பாரிஸிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

"அப்போ கடல்?"

அங்கிள் மலைப்பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பொண்ணு மிரா அங்கயே நின்னுக்கிட்டிருக்கா. எனக்கும் தெரியலப்பா. பேசினாத்தானே தெரியும்?"

புதன் காலை, சுனோல் மேடு

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் நாதலியின் கார் கிளம்பவில்லை. அவளுக்கு சன்னிவேலில் வேலை, நாற்பது மைல். ஒன்பதரைக்கு மீட்டிங். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "நியூ ஜெர்சியைக் கலிஃபோர்னியா ரோட்டுல தனியா விட்டா டெக்சாஸ் போயிடும்" என்று அங்கிளும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார், திரும்பி வர வழி காட்ட.

வல்லசிட்டோஸ் சாலை, மலைச்சரிவில் மாடுகள். பிறகு 680-ஆம் எண் ஃப்ரீவே. சுனோல் மேட்டில் ஏறும்போது முன்னால் நான்கு மைலுக்குச் சிவப்பு பிரேக் விளக்குகள். வண்டிகள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. நாதலி பின்சீட்டில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, "மீட்டிங் கோவிந்தா" என்று முனகினாள்.

அங்கிளின் பேச்சு நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கை, இருவருக்கும் நடுவே எதையோ தேடித் தடவிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. பிறகு மெல்லிய குரலில் பிரெஞ்சு. எனக்குப் படிக்கத் தெரிந்த பிரெஞ்சு அது, கேட்கத் தெரிந்தது அல்ல. ஆனாலும் 'மிரா' என்ற பெயர் காதில் விழுந்தது.

"டாட்? ஆர் யூ ஓகே?"

"பேசாதீங்க" என்றேன் நான். "அதுதான். அதேதான். ரெக்கார்டர் இருக்கா?"

ரெக்கார்டர் இல்லை. காகிதத்தில் எழுத அவரால் ஆகாது, எழுதும் அளவுக்கு என் பிரெஞ்சுக்கு வேகம் இல்லை, நாதலிக்குப் பிரெஞ்சே தெரியாது. நாதலிதான் சட்டென்று செல்போனை எடுத்தாள். வீட்டு நம்பரை அழுத்தினாள். அங்கே ஆன்சரிங் மெஷின் எடுத்து, செய்தி சொல்லச் சொன்னதும் போனை அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் கவனிக்கவே இல்லை. முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடி பேசிக்கொண்டே போனார்.

"பீக் மினிட்ஸ்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். "நிமிஷத்துக்குக் காசு. பரவாயில்ல, ஓட்டுங்க. மெதுவா ஓட்டுங்க!"

மெதுவாக ஓட்ட நான் எந்த முயற்சியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக டிராஃபிக் கலையக் கூடாது என்று ஜெபித்தேன்.

மெஷின் இரண்டு முறை நேரம் முடிந்து நின்றது. இரண்டு முறையும் நாதலி மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறை மெஷினுக்குப் பதில் தெரேஸ் ஆன்ட்டியே எடுத்தார். பேசவில்லை. டைப் அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

ஃப்ரீமாண்ட் தாண்டி 880-இல் ஏறினோம். இடது ஓரத்தில் வைரக்குறி போட்ட ஒரு பாதை காலியாகக் கிடந்தது. "கார்பூல் லேன்!" என்று நாதலி கத்தினாள். ஒரு வண்டியில் இரண்டு பேராவது இருந்தால்தான் அதில் போகலாம். தினமும் தனியாளாக அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போகிறவள் அவள். நாங்கள் மூன்று பேர். நுழைந்தோம். சன்னிவேலில் அவள் ஆபீஸ் வாசலில் நின்றபோது ஒன்பதுகூட ஆகவில்லை.

அவள் இறங்கி, ஜன்னல் வழியே அப்பாவைப் பார்த்தாள். அவர் கனவிலிருந்து எழுந்தவர் மாதிரி இருந்தார்.

"டாட், யூ ஆர் ஹயர்ட்."

"என்னடி?"

"டெய்லி என்கூட வரீங்க. எனக்குக் கார்பூல், உங்களுக்கு டிராஃபிக். பகல்ல இங்க லைப்ரரியில உக்காருங்க, ஈவினிங் கூட்டிட்டுப் போறேன். லேட்டா கிளம்பினா விட்டுட்டுப் போயிடுவேன், ஐ மீன் இட்."

அங்கிள் யோசித்தார். "அப்போ நான் வேலைக்குப் போறேன்" என்றார் மெல்ல. அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டதில் அவர் முகம் இளமையானது.

வெள்ளி காலை, புறப்பாடு

வியாழனன்று நாதலியின் கார் சரியாகி வந்துவிட்டது. அப்பாவும் மகளும் அதில் கிளம்பிப் போனார்கள். நான் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலையும், வெளியே நின்று பார்க்க மட்டும் முடிகிற தேசிய ஆய்வுக்கூடத்தையும் சுற்றிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை நான் விடைபெற்றபோது வீட்டில் ஆன்ட்டி மட்டும்தான். காதில் ஹெட்ஃபோன், முன்னால் கேசட் மெஷின், விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. விவிக்கத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். 

"ஸ்டெல்லா போன் பண்ணினா. என்னாச்சுன்னு கேட்டா. பையனுக்கு என் புருஷனைத்தான் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார்.

பாலத்தில் இந்தத் தடவை சுங்கம் உண்டு. இரண்டு டாலரையும் மனநிறைவோடு கொடுத்தேன்.

ஆகஸ்டு, டாலஸ் பக்கம் இர்விங்

டெக்சாஸில் நிலம் தட்டையாக இருக்கிறது. ஃப்ரீவே நேராகப் போகிறது. என் ஆபீஸுக்கு ஏழு நிமிடம். வாழ்த்தாத ஆளில்லை. யாராவது வாழ்த்தும்போதெல்லாம் அங்கிளை நினைத்துக்கொள்வேன். கடல் பார்க்க வேண்டுமென்றால் ஐந்து மணி நேரம் காரோட்ட வேண்டும்.

போன வாரம் நாதலி காரிலிருந்து போன் செய்தாள்.

"முடிச்சிட்டாரு" என்றாள்.

முந்தின நாள் மாலை, திரும்பும் வழியில் 580-இல், வீட்டுக்குப் போகும் எக்ஸிட் வந்திருக்கிறது. அங்கிள் பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் அசைத்து, நேராகப் போ என்றிருக்கிறார். அவளும் போயிருக்கிறாள். லிவர்மோரைத் தாண்டி, அல்டமான்ட் மலையேறி, காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகிற இடம் வரை. அங்கே ஓரமாக நிறுத்தச் சொல்லி, கடைசி வரியைச் சொல்லி, ரெக்கார்டரை அவரே அணைத்தாராம். பாரிஸிலும் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"நாதலி, கடல் வந்துச்சா?"

"எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே. புக் வரும், படிச்சுக்கோங்க."

"உனக்குப் பிரெஞ்சு தெரியாதே? உனக்கு எப்படித் தெரியும்?"

நான் அவளிடம் அதுவரை கேட்டிராத நீளத்தில் தமிழ் வந்தது. "நாலு மாசமா பக்கத்துல உக்காந்து புரியாத பாஷையில பேசறாரு. கடைசி வரி சொல்லிட்டு அழுதாரு. என்ன சொன்னீங்கன்னு நான் கேட்டேன். அந்த மலையில வண்டியை நிறுத்திட்டு, மூணு புக்கும் முதல்லேர்ந்து தமிழ்ல சொன்னாரு. எனக்கு எல்லாம் புரிஞ்சுது. வீட்டுக்குப் போறப்போ மாம் சாப்பாட்டை எடுத்து உள்ள வெச்சுட்டாங்க."

நான் கெஞ்சினேன். நூலகம், அகராதி, ஒரு வருஷம், நூற்று நாற்பது டாலர், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அசையவில்லை.

"மிரா நல்லா இருக்கா" என்றாள் கடைசியாக. "அவ்ளோதான் சொல்லுவேன். எக்ஸிட் வந்துடுச்சு, அப்பா தூங்குறாரு. வெச்சுடறேன்."